தனலெட்சுமியின் பங்கு

என் மனைவி கமலா காலமான சில மாதங்களுக்குப் பின், துக்கம் விசாரிக்க இளம் வழக்கறிஞர்கள் மூவர் மலாக்காவின் காஜா பெராங்கிலுள்ள என் வீட்டுக்கு வந்தனர். விசாரிக்க வேண்டியதை முறையாக விசாரித்து முடித்ததும் அறையில் அமைதி உண்டாயிற்று. அதைக் கலைப்பதற்காகவே அவர்களில் ஒருவர் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தார் என்று நினைக்கிறேன். பிறர் தவற்றால் ஒருவர் உயிரிழந்தால், அவர் குடும்பத்தின் துயரத்துக்கென்றே சட்டம் இப்போது தனியாக ஒரு தொகையை ஒதுக்குகிறது.

"உங்க காலத்துல இது இல்லையா சார்?"

"இல்லை."

"அப்ப எதைக் கணக்குப் பண்ணிக் குடும்பத்துக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க?"

சுருக்கமாக ஏதோ சொன்னேன். அவர்கள் கிளம்பிச் சென்றபின், சொன்னது போதாது என்று தோன்றியது. இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

லண்டனில் சட்டம் பயின்று, கப்பலில் திரும்பி, மலாக்காவில் திரு. கந்தையாவின் அலுவலகத்தில் நான் இளைய வழக்கறிஞராகச் சேர்ந்தபோது மெர்டேக்காவுக்கு, நாட்டின் விடுதலைக்கு, இன்னும் சிறிது காலம் இருந்தது. படித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிரில் இருந்தேன், தேறினேன், திரும்பினேன். தொழிலைக் கற்றது திரு. கந்தையாவின் மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியில்தான்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். எந்த வெயிலிலும் கோட்டின் பொத்தானைக் கழற்றாதவர். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, தாழும். மிகவும் தாழ்ந்துவிட்டால் எழுத்தர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். கட்சிக்காரர் எவ்வளவு ஏழையானாலும் எழுந்து நின்றுதான் வரவேற்பார். அவர்கள் உட்கார்ந்த பிறகே தாம் உட்காருவார்.

விபத்து மரண வழக்குகளில் அவர் பெயர் பெற்றவர். அக்காலச் சட்டம் தெளிவானது, அதே அளவுக்குக் கடுமையானது. இறந்தவரின் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரே இழப்பீடு கோரலாம். உடன்பிறந்தோருக்கு இடமில்லை, தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்காளுக்கும் இல்லை. உரிமை உள்ளவர்களும் தாம் இழந்த ஆதரவுக்கு மட்டுமே ஈடு கேட்க முடியும். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் அவர் கையிலிருந்து யாருக்கு எவ்வளவு வந்திருக்கும், எவ்வளவு காலம் வந்திருக்கும் என்பதே கேள்வி. மொத்தத் தொகையை எதிர்த்தரப்போடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் வயது வராத பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். பங்கு பிரிப்பவரும் அவரே. பிள்ளையின் பங்கு, அது வளரும்வரை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருக்கும்.

எனக்கு முதல் வழக்கு கொடுக்கப்பட்டபோது, இறந்தவரின் சம்பளம், வாடகை, பள்ளிச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். திரு. கந்தையா பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"மீனைக் கேட்டனீரோ?"

"எந்த மீன் சார்?"

"அந்த வீட்டில ஒரு மீன் வாங்கினா, ஆருக்கு எந்தத் துண்டு? லண்டனில உமக்கு மீன் சாப்பிடப் பழக்கேல்லையோ?"

அதுதான் அவருடைய முறை. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மக்கள் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். மீனைப் பற்றிக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு, வால் யாருக்கு, குழம்பு மட்டும் யாருக்கு என்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டில் யார் யாரைத் தாங்கினார்கள் என்பதும் தெரிந்துவிடும் என்பார். பிறகே சம்பளத்துக்கு வருவார்.

அந்த நாட்களில் ஒரு ரப்பர் தோட்டத்து முதியவர் வந்தார். லாரியில் ஏறி வேலைக்குப் போன அவருடைய மகன், லாரி கவிழ்ந்து இறந்துபோயிருந்தான். மகன் என்ன கொடுத்தான் என்று கேட்டதற்கு, "புகையிலை வாங்கித் தருவான் சார், வேற ஒன்னும் இல்ல" என்றார். புகையிலைக்குரிய சிறு பங்கே அவருக்குக் கிடைத்தது. குறைவாகப் போய்விட்டதே என்று நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தீர்ப்பில் தம்மைப் பற்றி எழுதியிருந்த பகுதியைத் தமிழில் சொல்லச் சொன்னார். இறந்தவர் தம் தந்தையைப் பேணி வந்தார் என்று சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். "அப்படித்தான் எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

இனி, இளைஞர்களிடம் நான் அன்று சொல்லாமல் விட்ட வழக்கு.

கோபால் என்பவர் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை பார்த்தவர். கிளேபாங்கில் குழாய் உடைந்துவிட்டதென்று சைக்கிளில் போனபோது மரம் ஏற்றிவந்த லாரி மோதி அங்கேயே உயிரிழந்தார். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பத்தவர்; பல தலைமுறைகளுக்கு முன் இங்கு வந்து மணமுடித்துத் தங்கிய தமிழ் வணிகரின் வழியினர். காஜா பெராங்கில் அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கோயிலும் சடங்குகளும் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய மலாய். கோயில் திருவிழாவுக்கு வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் கண்டு, தாயின் சம்மதத்தோடு அவளை மணந்துகொண்டார் கோபால். அவள்தான் தனலெட்சுமி. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்; தமிழ் பேசுபவள். கோபாலின் தாய் நாகம்மாவுக்குத் தமிழ் கோயிலோடு சரி. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கோபால். அவர் போனபின் இருவரும் பாதிச் சொல்லும் பாதிச் சைகையுமாக ஒரே வீட்டில் இருந்தனர். கைக்குழந்தையாக ஒரு பெண் இருந்தாள்.

இருவரும் அலுவலகத்துக்கு வந்தபோது, அவர்களுக்கு நடுவில் பேச்சைக் கொண்டுபோகும் வேலை எனக்கு வாய்த்தது. திரு. கந்தையா வழக்கம்போல மீனில் தொடங்கினார்.

நாகம்மா தயங்காமல் மலாயில் சொன்னார்: "தலை எனக்கு. நடுத்துண்டு மகனுக்கு. வால் மெனந்துக்கு." மெனந்து என்றால் மருமகள்.

தனலெட்சுமி அதைப் புரிந்துகொண்டுவிட்டாள். தலையைக் குனிந்தபடி என்னிடம் மெல்லச் சொன்னாள்: "அத்தை பொய் சொல்றாங்க சார். தலைய எனக்குத்தான் வைப்பாங்க. பிள்ளை உண்டானதுல இருந்து அப்படித்தான்."

"என்ன சொல்கிறாள்?" என்றார் நாகம்மா. சொன்னேன்.

அவர் மருமகளை ஒருமுறை முறைத்துவிட்டுத் திரு. கந்தையாவைப் பார்த்தார். எங்களை அவர் துவான், அதாவது ஐயா, என்றே அழைப்பார். "வீட்டில் நடப்பதை எல்லாம் துவானிடம் சொல்லவேண்டுமா? மாமியார் வாலைத் தின்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தால் எனக்கு என்ன மரியாதை?"

திரு. கந்தையா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

லாரிக்காரர் தரப்போடு மொத்தத் தொகை பேசி முடிவாயிற்று. குழந்தை இருந்தமையால் நீதிபதி முன் போகவேண்டும். வழக்கு நகர்ந்து அங்கு வருவதற்குள், கோபால் இறந்து ஓராண்டு கடந்துவிட்டிருந்தது. மூன்று பேருக்குப் பங்கு பிரிக்க வேண்டும்: தாய், மனைவி, குழந்தை. இவற்றில் சிக்கலானது மனைவியின் பங்கு. இளம் விதவை மறுமணம் செய்துகொண்டால் அவளைத் தாங்க வேறொருவர் வந்துவிடுகிறார். ஆகவே அவளுடைய இழப்பு அன்றோடு முடிகிறது என்பது அக்கால வாதம். மறுமணத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி கருதினால் அவள் பங்கு குறையும். அப்படிக் கழித்தது மற்றவர்களுக்குப் போகும். அந்த வாய்ப்பை எப்படிக் கணிப்பது? வயதைக் கேட்பார்கள். பிறகு அவளைப் பார்ப்பார்கள். இன்று இதை எழுதவே கூசுகிறது. அன்று இது அன்றாட நடைமுறை.

எனவே திரு. கந்தையாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. என்னை அழைத்துச் சொன்னார்:

"அந்தப் பிள்ளையை வெள்ளைச் சீலையோட வரச் சொல்லும். பொட்டு வேண்டாம், பூ வேண்டாம். கலியாணத்தைப் பற்றிக் கேட்டா, அந்த எண்ணமே இல்லை எண்டு சொல்லோணும். மாமியாரும் அப்பிடியே சொல்லோணும்."

நான் அதை எழுதிக்கொள்ளாததைக் கவனித்தார்.

"எனக்கும் பிடிக்கேல்லைத் தம்பி. ஆனா நீதிபதிக்குக் கண் இருக்குது."

மறுநாள் மாலை நாகம்மாவின் வீட்டுக்கு நடந்துபோய்ச் செய்தியைச் சொன்னேன். பங்கு குறையக்கூடும் என்பதையும் மலாயில் விளங்க எடுத்துச் சொன்னேன். நாகம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, வெள்ளை கட்ட முடியாது என்றார்.

"வருடம் முடிந்து துக்கத்தைக் கழித்துவிட்டோம், துவான். கழித்த துணியை மறுபடி எடுத்து உடுத்தினால் வீட்டில் இன்னொரு சாவு விழும். இந்த வீட்டில் யார் மிச்சம்? நான், இவள், அந்தக் குழந்தை. இதில் யாரைக் கொடுக்கட்டும்?"

தனலெட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். அவளைக் கேட்டேன். "அத்தை சொல்றபடிதாங்க" என்றாள்.

திரும்பிவந்து சொன்னபோது திரு. கந்தையாவின் குரல் தாழ்ந்தது.

"பங்கு குறையும் எண்டு சொன்னனீரோ?"

"சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னவ?"

"குறையட்டும் என்றார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நீதிமன்றத்துக்கு வந்த அன்று தனலெட்சுமி இலைப்பச்சை நிறச் சேலை உடுத்தியிருந்தாள். தலையில் மல்லிகை. நாகம்மா சாரோங்கும் கெபாயா என்ற மேல்சட்டையும் உடுத்தி, மார்பில் தங்க ஊசிகள் குத்தி, கோயிலுக்குப் போவதுபோல் வந்திருந்தார். பூவை அவரே வைத்துவிட்டிருக்க வேண்டும்; தனலெட்சுமி அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓராண்டாக அந்தக் கை அதை மறந்திருந்தது. திரு. கந்தையா எழுந்து நின்று வணங்கினார். "நல்லது. வாங்கோ உள்ள" என்று மட்டும் சொன்னார்.

நீதிபதி ஆங்கிலேயர், பதவி முடிந்து விரைவில் தாயகம் திரும்ப இருந்தவர். அவருடைய அறையில் வட்டமாக நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றிருந்தார். நீதிபதி நாகம்மாவிடம் மகனைப் பற்றிப் பணிவாகச் சில கேள்விகள் கேட்டார். பிறகு, "உங்கள் மருமகள் மறுமணம் செய்துகொள்வார் என்று நினைக்கிறீர்களா?" என்றார்.

"செய்துகொள்வாள்" என்றார் நாகம்மா. "நான் செய்துவைப்பேன்."

திரு. கந்தையாவின் பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. நீதிபதி முன்னால் சாய்ந்தார்.

"இப்படிச் சொன்னால் அவருடைய பங்கு குறையும், உங்களுடைய பங்கும் குழந்தையின் பங்கும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். இந்தச் சின்னத் துவான் வீட்டுக்கே வந்து சொன்னார்" என்று என்னைக் காட்டினார்.

"பிறகு ஏன் சொல்கிறீர்கள்?"

நாகம்மா நீதிபதியைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துப் பேசினார். அவளுக்கு அந்த மலாய் முழுதும் புரிந்ததா என்பது எனக்குத் தெரியாது.

"இவளுக்குச் சின்ன வயது. இனி இவளுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சாமி பேரைச் சொல்லி நான் இங்கே சத்தியம் பண்ணவேண்டுமா? பண்ணினால் அப்படியே நடக்கும். மகனைக் கொடுத்துவிட்டேன், போதும். இவள் வாழ்க்கையையும் என் வாயால் முடிக்கமாட்டேன். குறைக்கிறதைக் குறையுங்கள். எனக்கு வருகிற துண்டை நான் யார் தட்டில் வைத்தால் கோர்ட்டுக்கு என்ன?"

மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு நிறுத்தினார். "முழுவதும்" என்றார் நீதிபதி. அவர் முழுவதும் சொன்னார்.

தனலெட்சுமியிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. "எனக்கு ஒன்னும் தெரியலைங்க. அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு, அதுவரை பேசாத அளவு தெளிவாக, "ஆனா இப்ப அதைக் கேக்காதீங்க" என்றாள்.

திரு. கந்தையா எழுந்து, ஒரு தாயின் விருப்பம் சான்று ஆகாது என்று நேர்த்தியாக வாதாடினார். நீதிபதி இடைமறிக்காமல் கேட்டார். "திரு. கந்தையா, இந்த அறையில் இந்தப் பொருள் குறித்து நான் கேட்ட சாட்சியங்களில் நம்பத்தக்கது இது ஒன்றே. நம்பியபின் அதைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். தனலெட்சுமியின் பங்கு குறைக்கப்பட்டது. கழித்த தொகை தாய்க்கும் குழந்தைக்குமாகப் போயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் திரு. கந்தையா தூணில் கைவைத்து நின்றார். பெண்கள் இருவரும் குழந்தையை வாங்கிக்கொள்ள, வாசலில் காத்திருந்த அண்டை வீட்டுக்காரியிடம் போயிருந்தார்கள்.

"தம்பி."

"சார்."

"இனி ஆர் எதை உடுத்தோணும் எண்டு எங்கட கந்தோரிலயிருந்து சொல்ல வேண்டாம்."

அதன்பின் எங்கள் அலுவலகத்திலிருந்து அவர் எந்த விதவைக்கும் வெள்ளைச் சேலை சொல்லியனுப்பவில்லை. அதனால் சில வழக்குகளில் எங்கள் கட்சிக்காரருக்கு நட்டம் வந்ததும் உண்டு.

எனக்கும் கமலாவுக்கும் அப்போதுதான் திருமணமாகியிருந்தது. அவள் கணக்கு ஆசிரியை. அன்று மாலை நடந்ததைச் சொன்னேன். என் குரலில் தோல்வி இருந்திருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு குறைஞ்சுது?" என்றாள். சொன்னேன்.

"அந்த அம்மாவுக்கு எவ்வளவு கூடிச்சு?" சொன்னேன்.

"எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளதானே இருக்கு. பிறகு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? சாப்பிட வாங்க."

ஒரே வீட்டுக்குள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று நான் விளக்க முற்பட்டேன். இப்படி உறுதி சொன்ன மாமியார்கள், பணம் கைக்கு வந்ததும் மருமகளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பியதை எங்கள் அலுவலகம் கண்டிருந்தது. உண்மையில் எனக்கு இருந்த அச்சம் அதுதான். நாகம்மாவின் பங்கு சட்டப்படி நாகம்மாவுக்கே உரியது. அவர் அதை யார் தட்டில் வைத்தாலும், வைக்காவிட்டாலும், எவராலும் கேட்க முடியாது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு காலைப்பொழுதில் நாகம்மா அலுவலகத்துக்கு வந்தார். சற்று மெலிந்திருந்தார். வெற்றிலையோடு திருமணப் பத்திரிகை ஒன்றை மேசைமேல் வைத்தார். மணமகன் செமாபோக்கில் அச்சகமொன்றில் வேலை பார்ப்பவர்; குழந்தையைத் தம் மகளாக ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தவர்; ஓரளவு மலாயும் பேசுபவர். இந்தக் கடைசித் தகுதியை நாகம்மா இரண்டு தடவை சொன்னார்.

"மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாள், துவான். நான்காவது ஆளிடம் நானே உட்கார்ந்து பேசினேன். இவனையும் வேண்டாம் என்றால் உன்னோடு பேசமாட்டேன் என்றேன். இத்தனை நாளும் என்ன பேசிக் கிழித்தோம் என்று சிரிக்கிறாள்." பிறகு கேட்டார்: "அந்த வெள்ளைக்காரத் துவானுக்கும் ஒரு பத்திரிகை அனுப்ப முடியுமா?"

நீதிபதி இங்கிலாந்துக்குத் திரும்பி வெகுகாலம் ஆகியிருந்தது. திரு. கந்தையா, "முகவரி தேடிப் பாக்கிறன்" என்று பத்திரிகை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். தேடவும் செய்தார். பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

திருமணத்துக்குக் கமலாவும் நானும் போயிருந்தோம். தனலெட்சுமியின் கழுத்தில் இருந்த நகைகள் எங்கிருந்து வந்தன என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். தம் பங்கை நாகம்மா பணம் வந்த அன்றைக்கே பொன்னாக மாற்றி வைத்துவிட்டாராம். தோட்டத்திலிருந்து வந்திருந்த பெற்றோருக்குப் பக்கத்தில் அவரும் நின்று பெண்ணைக் கொடுத்தார். முகத்தில் கண்டிப்பு மாறவில்லை. பந்தியில் யாருக்கோ மீன் போதவில்லை என்று மலாயில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கமலா மணமகளின் அறைக்குள் போய்ச் சிறிது நேரம் பேசிவிட்டு வந்தாள். வீட்டுக்கு நடந்து திரும்பும் வழியில் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு ஒன்னு சொல்லிச்சு. சாயந்திரம் கோபால் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு, வாசல்ல சைக்கிளை நிறுத்துற சத்தம் இன்னும் கேக்குதாம். மாப்பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டாளாம்."

"அவர் என்ன சொன்னாராம்?"

"கேட்டா கேக்கட்டும்னாராம்."

வெயில் தணிந்திருந்தது. கமலா காலணியைக் கையில் எடுத்துக்கொண்டாள். புதிது, காலைக் கடித்தது.

"உங்க கோர்ட்டுல இதுக்கு எவ்வளவு கழிப்பாங்க?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அதன்பின் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. வாழ்ந்த இத்தனை ஆண்டுகளில் நானும் சொல்லவில்லை.

விடை எனக்கு இப்போது தெரியும். மாலைதோறும், பள்ளிக்கூடம் விட்டுக் கமலா வீடு திரும்புகிற வேளையில், முன்கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்கிறது. சொல்லிவிடலாம் என்று எழுந்திருக்கிறேன்.